பட்டு நெய்கிறவர் வீட்டில் ஒரு ஜமுக்காளம்

சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் காலை வேளையில் நடந்தால் ஒரு சத்தம் காதில் விழும். ‘டக்... டக்...’ என்று ஒரே சீராகக் கேட்கும். தறிச் சத்தம் அது. காஞ்சிபுரத்தில் தறி என்றதும் எல்லோரும் பெரிய காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தைத்தான் சொல்வார்கள். சின்ன காஞ்சியிலும் தறி வீடுகள் உண்டு. சத்தம் வந்த ஒரு வீட்டு வாசலில் நின்று, "ஐயா!" என்று கூப்பிட்டேன்.

"வாங்க தம்பி, உள்ளே வாங்க" என்று குரல் வந்தது.

கூடத்தில் பாதி இடத்தைத் தறி அடைத்துக்கொண்டிருந்தது. தரையில் ஒரு குழி. குழிக்குள் காலை விட்டுக்கொண்டு பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வயது அறுபத்து நாலு. அவருக்கு இடப்பக்கம், தறியின் ஓரத்தில், அவருடைய மனைவி. தறியில் அரக்குச் சிவப்பு நிறத்தில் ஒரு முகூர்த்தப் பட்டு. கரை மட்டும் இலைப் பச்சை.

அந்த அம்மாள் எழுந்துபோய், சுருட்டி வைத்திருந்த ஜமுக்காளம் ஒன்றை எடுத்து வந்து உதறி விரித்தார். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று பட்டை பட்டையாக நிறம். பழையதுதான். ஆனாலும் நிறம் மங்கவில்லை.

"பட்டு நெய்கிற வீடாச்சே! பட்டிலே விரிப்பு போடுவீங்கன்னு பார்த்தேன்" என்று வேடிக்கையாகச் சொன்னேன்.

அம்மாள் சிரித்துவிட்டார். "பட்டு எங்களுக்கு ஏது தம்பி? தறியை விட்டு இறங்கினா அது சங்கத்துக்குப் போயிடும். இது எங்க கல்யாணத்துக்கு எங்க அண்ணன் பவானியிலேருந்து வாங்கிட்டு வந்தது. நாற்பது வருஷத்துக்கு மேலே ஆச்சு. இன்னும் ஒரு இழை போகலை."

பெரியவர் நாடாவைக் கீழே வைத்துவிட்டு, மனைவி உட்கார்ந்திருந்த இடத்தைக் காட்டினார். "அதோ, அந்த இடத்திலே நான் முதல் முதலா உட்கார்ந்தப்போ எனக்கு ஒன்பது வயசு" என்றார்.

அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த ஜமுக்காளத்தின் கதையைக் கேளுங்கள். அது எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் இந்த வீட்டுக்கே திரும்பி வரும்.

கூடுதுறையில் பிறந்த விரிப்பு

நம் வீடுகளில் ஜமுக்காளம் இல்லாத விசேஷம் உண்டா? பெண் பார்க்க வந்தால் ஜமுக்காளம். நிச்சயதார்த்தத் தாம்பூலம் மாற்றுவது ஜமுக்காளத்தில். பாட்டுக் கச்சேரிக்கும் அதுதான். ஊர்ப் பஞ்சாயத்துக்கும் அதுதான். சொந்தமாக ஒன்று இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வருவார்கள். எங்கள் வீட்டில் என் அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது விரித்ததும் இரவல் ஜமுக்காளம்தான். மாப்பிள்ளை வீட்டார் காபியைக் கொட்டிவிட்டார்கள். கறையைப் போக்க என் தாயார் இரண்டு நாள் பாடுபட்டார்!

இந்த ஜமுக்காளத்துக்குப் பேர் போன ஊர் பவானி. ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது. காவிரியும் பவானி ஆறும் கூடும் இடம். கூடுதுறை என்பார்கள். சங்கமேஸ்வரர் கோவில் இருப்பதும் அங்கேதான்.

பவானியில் முன்பு வேறு துணிகள் நெய்துகொண்டிருந்தார்கள். 19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்து மில் துணி கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. விலை மலிவு. கைத்தறித் துணியை வாங்க ஆள் இல்லை. ஊர் ஊராக நெசவாளிகள் தறியைக் கழற்றிப் போட்டார்கள். அந்த நூற்றாண்டின் கடைசியில், பவானியில் ஜங்கமர் என்ற வகுப்பைச் சேர்ந்த நெசவாளிகள் ஒரு யோசனை செய்தார்கள். மில் நெய்வது மெல்லிய துணி. நாம் தடித்த நூலில் தரை விரிப்பு நெய்தால் என்ன? நெய்தார்கள். அது பிடித்துக்கொண்டது. பவானி என்றால் ஜமுக்காளம் என்று ஆகிவிட்டது.

ஜமுக்காளத்தில் ஒரு விசேஷம் பாருங்கள். தறியில் நீளவாட்டில் கட்டுகிற நூலைப் பாவு என்றும், குறுக்கே ஓட்டுகிற நூலை ஊடை என்றும் சொல்வார்கள். ஜமுக்காளத்தில் ஊடை நூல் தடித்தது. அதை நெருக்கி நெருக்கி அடிப்பதால் பாவு நூல் கண்ணுக்கே தெரியாமல் உள்ளே மறைந்துவிடும். வெளியே தெரிகிற நிறமெல்லாம் ஊடையின் நிறம். ஊடை நூலின் நிறத்தை மாற்றினால் பட்டை மாறும். தடித்த நூலில் பூ, மயில் என்று நுணுக்கமான வேலை வராது. அதனால்தான் பட்டை போடுகிறார்கள். பூ வேலை வேண்டுமென்றால் அதற்கு மெல்லிய நூலில், செயற்கைப் பட்டு வைத்து, கரை போட்டு நெய்கிற இன்னொரு ரகம் உண்டு. அகலமான விரிப்பு என்றால் ஒரே தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்வார்கள்.

கைத்தறிக்கு மட்டும் என்று சில துணிகளை ஒதுக்கி, 1985-ம் ஆண்டில் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அந்தப் பட்டியலில் ஜமுக்காளமும் இருக்கிறது. 2005-06-ம் ஆண்டில் பவானி ஜமுக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதாவது, பவானி வட்டாரத்தில் நெய்ததைத்தான் பவானி ஜமுக்காளம் என்று விற்கலாம். காஞ்சிபுரம் பட்டுக்கும் அதே ஆண்டில்தான் அந்தக் குறியீடு. சட்டம் இருந்தும் விசைத்தறி விரிப்புகள் அதே பேரில் கடைக்கு வருகின்றன என்று பவானி நெசவாளிகள் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். விலையோ பாதி. வாங்குகிறவர் எதை எடுப்பார்?

பனிக்கட்டிக்குள் கிடைத்த கம்பளம்

ஜமுக்காளம் தட்டையாக நெய்த விரிப்பு. ‘ரத்தினக் கம்பளம்’ என்று கதைகளில் படித்திருப்பீர்களே, அது வேறு ஜாதி. கை வைத்தால் புல்தரை மாதிரி மெத்தென்று இருக்கும். அதை நெய்வதைவிடக் கட்டுவது என்றே சொல்லலாம்.

எப்படித் தெரியுமா? மேலும் கீழுமாகப் பாவு நூலைக் கட்டிக்கொள்வார்கள். ஒரு சிறு துண்டுக் கம்பளி நூலை எடுத்து, இரண்டு பாவு நூல்களில் சுற்றி ஒரு முடிச்சுப் போடுவார்கள். மிச்சத்தைக் கத்தியால் அறுத்துவிடுவார்கள். அடுத்த முடிச்சு. அடுத்த முடிச்சு. இப்படி ஒரு வரிசை முடிந்ததும் குறுக்கே ஊடை நூலை ஓட்டி, இரும்புச் சீப்பால் தட்டி இறுக்குவார்கள். பிறகு அடுத்த வரிசை. சிவப்பு முடிச்சு, நீல முடிச்சு என்று புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போனால் பூ வரும், மான் வரும், தோட்டமே வரும். வாசலில் புள்ளிக் கோலம் போடும் பெண்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

இந்த வேலை எப்போது தொடங்கியது? 1949-ம் ஆண்டில் ருஷ்யாவில் ஒரு அதிசயம் நடந்தது. சைபீரியாவில் அல்தாய் என்ற மலைப்பகுதி. அங்கே பாசிரிக் என்ற இடத்தில் பழங்காலத் தலைவர்களின் சமாதிகளை ருதென்கோ என்ற ஆராய்ச்சியாளர் தோண்டினார். சமாதிக்குள் தண்ணீர் புகுந்து பனிக்கட்டியாக உறைந்து கிடந்தது. அந்தப் பனிக்கட்டிக்குள் ஒரு கம்பளம்! சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முந்தியது. சுமார் இரண்டு மீட்டர் நீளம்தான். அதில் குதிரை வீரர்கள் அணிவகுத்துப் போகிறார்கள். மான்கள் மேய்கின்றன. முடிச்சுகளை எண்ணிக் கணக்கிட்டார்கள். சுமார் பன்னிரண்டரை லட்சம். குளிர்பெட்டியில் வைத்தது போலப் பனி அதைக் காப்பாற்றிவிட்டது. இன்று பீட்டர்ஸ்பர்க் நகரத்து ஹெர்மிடேஜ் காட்சிசாலையில் இருக்கிறது.

அந்தக் கம்பளத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றைச் சொல்கிறார்கள். அது கற்றுக்குட்டியின் வேலை அல்ல. அதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே ஆடு மேய்த்த ஜனங்கள் குளிருக்காக இந்த வித்தையைப் பழகியிருக்க வேண்டும். யார் அவர்கள்? பேரில்லை.

ராஜாக்களின் தோட்டம்

ராஜாக்களின் பேர் மட்டும் தாராளமாகக் கிடைக்கிறது. இன்றைய பாக்தாத் நகருக்குப் பக்கத்தில் டெசிபோன் என்று பாரசீக மன்னர்களின் தலைநகரம் ஒன்று இருந்தது. அந்த அரண்மனையில் குஸ்ரோவின் வசந்தம் என்று ஒரு மாபெரும் விரிப்பு. வெளியே குளிரில் மரமெல்லாம் மொட்டையாக நிற்கும்போது, மன்னர் இந்த விரிப்பில் உட்கார்ந்து வசந்த காலத்தை அனுபவிப்பாராம். பொன்னிழை, வெள்ளியிழை, பூவுக்குப் பதில் ரத்தினக் கற்கள்! 637-ம் ஆண்டில் அரபுப் படை நகரத்தைப் பிடித்தது. அத்தனை பெரிய விரிப்பைத் துண்டு துண்டாக அறுத்துப் படையினர் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்று பழைய சரித்திரக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள்.

லண்டனில் உள்ள அர்தபில் கம்பளத்தின் கதை வேறு. பாரசீகத்தில் 1539-40-ல் முடித்தது. பத்தரை மீட்டர் நீளம், ஐந்து மீட்டருக்கு மேல் அகலம். இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட முடிச்சுகள்! 1893-ல் லண்டன் காட்சிசாலை அதை 2,000 பவுனுக்கு வாங்கியது. வெளிச்சம் பட்டால் நிறம் போய்விடும் என்று, அரை மணிக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் மட்டும் விளக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. நம் அத்திவரதர் நாற்பது வருஷத்துக்கு ஒரு தடவைதான் குளத்தை விட்டு வெளியே வருகிறார். 1979-ல் வந்தார், பிறகு 2019-ல் வந்தார்!

இந்தியாவுக்கு இந்த வித்தையைப் பெரிய அளவில் கொண்டுவந்தவர் அக்பர் சக்கரவர்த்தி. 16-ம் நூற்றாண்டில் ஆக்ரா, பத்தேபூர், லாகூர் ஆகிய ஊர்களில் கம்பளக்காரர்களைக் குடியமர்த்தினார். அவருடைய அரசவை அறிஞர் அபுல் பசல் இதைக் குறித்து வைத்திருக்கிறார். காஷ்மீரத்தில் இன்னொரு அழகான வழக்கம் உண்டு. கம்பளத்தின் சித்திரத்தைப் படமாக வைக்காமல், குறி எழுத்துகளாகக் காகிதத்தில் எழுதி வைப்பார்கள். தாலிம் என்று பேர். ஒருவர் அதைப் பார்த்து, இத்தனை சிவப்பு, இத்தனை பச்சை என்று ராகம் போட்டுப் படிப்பார். தறியில் இருப்பவர்கள் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே முடிச்சுப் போடுவார்கள். திண்ணைப் பள்ளியில் வாய்ப்பாடு சொன்ன மாதிரி!

நம் பக்கத்துக்கும் வந்தது

இதெல்லாம் வடக்கே நடந்த கதை என்று நினைக்க வேண்டாம். ஆந்திரக் கரையில் மசூலிப்பட்டணம், ஏலூரு ஆகிய ஊர்களில் பாரசீகத்திலிருந்து வந்தவர்கள் வழியாக ரத்தினக் கம்பள வேலை பரவியது. தமிழ்நாட்டிலும் அது இருந்தது. காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் சாலையில் வாலாஜாபேட்டை இருக்கிறதே, அங்கே கம்பளம் நெய்தார்கள். தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் உள்ள அய்யம்பேட்டையிலும் நெய்தார்கள். 1908-ல் ஹென்றி ஹாரிஸ் என்பவர் தென்னிந்தியக் கம்பளத் தொழிலைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுத, சென்னை அரசாங்க அச்சகம் அதை வெளியிட்டது. அவ்வளவு தூரம் பேசப்பட்ட தொழில்!

பிறகு என்ன ஆயிற்று? 1851-ல் லண்டனில் ஒரு பிரம்மாண்டமான பொருட்காட்சி நடந்தது. இந்தியக் கம்பளங்களும் அதில் இருந்தன. சீமை துரைகள் கண்டு மயங்கினார்கள். கேட்பு அதிகமாயிற்று. கேட்பு வந்தால் நல்லதுதானே என்பீர்கள். அவசரமாக நெய்யச் சொன்னார்கள். விலையைக் குறைக்கச் சொன்னார்கள். அவுரியும் மஞ்சளும் காய்ச்சிய இடத்தில் மலிவான ரசாயனச் சாயம் புகுந்தது. போதாக்குறைக்கு, சிறைச்சாலைகளில் கைதிகளை வைத்துக் கம்பளம் நெய்ய ஆரம்பித்தார்கள். கைதிக்கு என்ன கூலி? வெளியே வீட்டில் உட்கார்ந்து நெய்கிறவன் அந்த விலைக்கு எப்படி விற்பான்?

இங்கிலாந்து அரச குடும்பத்தின் வின்ட்ஸர் கோட்டையில் இன்றும் ஒரு கம்பளம் கிடக்கிறது. விக்டோரியா ராணிக்காக ஆக்ரா சிறைக் கைதிகள் நெய்தது. 1894-ல் போய்ச் சேர்ந்தது. சுமார் 80 அடி நீளம், 40 அடி அகலம். 1992-ல் கோட்டையில் தீப்பிடித்தபோது அதைச் சுருட்டி வெளியே கொண்டுவர ஐம்பது படைவீரர்கள் வேண்டியிருந்ததாம். நெய்த கைதிகளின் பேர் அதில் இல்லை.

சின்ன விரல்கள்

கம்பள வியாபாரிகள் முன்பெல்லாம் ஒரு பேச்சைப் பெருமையாகச் சொல்வார்கள். "சின்ன முடிச்சுக்குச் சின்ன விரல்தான் சரி" என்று. குழந்தைகளை வேலைக்கு வைப்பதற்குச் சொன்ன சாக்கு அது. நுணுக்கமான கம்பளங்களைக் கட்டியவர்கள் பெரும்பாலும் கைதேர்ந்த பெரியவர்களே. குழந்தையை வைத்ததற்குக் காரணம், குழந்தைக்குக் கூலி குறைவு. அது எதிர்த்துப் பேசாது.

உத்தரப் பிரதேசத்தில் மிர்ஜாப்பூர், பதோகி வட்டாரம் கம்பளத்துக்குப் பேர் போனது. அங்கே தறிகளில் குழந்தைகள் அடிமைபோல வைக்கப்பட்டிருப்பது 1980-க்குப் பிறகு உலகத்துக்குத் தெரிய ஆரம்பித்தது. கைலாஷ் சத்யார்த்தி என்பவர் குழந்தைகளை மீட்கப் போராடினார். குழந்தை உழைப்பு கலக்காத கம்பளத்துக்குத் தனி முத்திரை ஒன்று 1994-ல் வந்தது. 2014-ல் அவருக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது.

பாகிஸ்தானில் இக்பால் மசிஹ் என்று ஒரு சிறுவன். அவன் குடும்பம் வாங்கிய 600 ரூபாய்க் கடனுக்காக நாலு வயதில் கம்பளத் தறிக்கு அனுப்பப்பட்டான். பத்து வயதில் தப்பித்தான். தன்னைப் போன்ற பிள்ளைகளுக்காக வெளிநாட்டு மேடைகளிலும் ஏறிப் பேசினான். 1995-ம் ஆண்டு ஏப்ரல் 16-ந் தேதி சுட்டுக் கொல்லப்பட்டான். அப்போது அவனுக்கு வயது பன்னிரண்டு.

இப்போது சின்ன காஞ்சிபுரத்துக்குத் திரும்புவோம்.

இடப்பக்கத்து இடம்

காஞ்சிபுரம் பட்டின் பெருமை எதில் இருக்கிறது என்று கேட்டால், சரிகை என்பார்கள், முறுக்குப் பட்டு என்பார்கள். நெசவாளியைக் கேட்டுப் பாருங்கள். "கோர்வை" என்பார்.

கோர்வை என்றால் என்ன? சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒரே நாடாவை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓட்டினால், உடலின் ஊடை நூல் கரைக்குள்ளும் புகுந்துவிடும். சிவப்பும் பச்சையும் கலந்து கரையின் நிறம் கெடும். அதனால் மூன்று நாடா வைத்துக்கொள்கிறார்கள். இந்தக் கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, அந்தக் கரைக்கு ஒன்று. ஒவ்வொரு இழைக்கும் உடல் நூலையும் கரை நூலையும் ஒன்றோடொன்று கோத்து வாங்க வேண்டும். சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்று சொல்வது இதனால்தான். ஒரு சேலையில் ஆயிரக்கணக்கான இழை. ஒவ்வொன்றிலும் இந்தக் கோர்ப்பு!

இதை ஒரே ஆள் செய்ய முடியாது. நெசவாளி ஒரு பக்கம் பார்த்துக்கொள்வார். இடப்பக்கத்து நாடாவை வாங்கிப் போட இன்னொரு ஆள் உட்கார வேண்டும்.

அந்த இன்னொரு ஆள்தான் இந்தக் கட்டுரையின் விஷயம். நெடுங்காலமாக அந்த இடத்தில் உட்கார்ந்தது ஒரு குழந்தை.

"எங்கப்பா முதலாளிகிட்டே முன்பணம் வாங்கியிருந்தார்" என்றார் பெரியவர். "அக்கா கல்யாணத்துக்கு வாங்கினது. மூணாம் வகுப்போட என்னை நிறுத்திட்டாங்க. காலையிலே ஆறு மணிக்கு உட்கார்ந்தா விளக்கு வெக்கிற வரைக்கும். தூங்கி விழுந்தா அப்பா தலையிலே தட்டுவார். அவரைச் சொல்லிக் குத்தமில்லை. அவரையும் அவங்கப்பா அப்படித்தான் தட்டினாராம்."

இன்னொரு இடத்திலும் அந்தக் காலத்தில் துணை ஆள் வேண்டியிருந்தது. கரையில் பூ விழுவதற்காகத் தறியின் நூல்களைக் கணக்குப்படி தூக்கி இழுக்க ஒருவர் வேண்டும். பிரான்சு தேசத்திலும் பட்டுத் தறிகளில் இப்படிச் சிறுவர்கள் நூல் இழுத்தார்கள். 1804-ல் ஜக்கார்டு என்ற பிரெஞ்சுக்காரர் துளை போட்ட அட்டைகளை வைத்து அந்த வேலையைப் பெட்டியே செய்யும்படி ஒரு கருவி கண்டுபிடித்தார். காஞ்சிபுரத்துத் தறிகளின் தலைமேல் தொங்குகிறதே, அந்தப் பெட்டிதான் அது. பூப் போடும் ஆளின் இடத்தைப் பெட்டி பிடித்துக்கொண்டது. கோர்வை வாங்குகிற பிள்ளையின் இடத்தை எந்தப் பெட்டியும் பிடிக்கவில்லை.

1986-ம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பதினாலு வயதுக்குக் கீழே உள்ளவர்களை நெசவிலும் கம்பள வேலையிலும் வைக்கக் கூடாது என்றது. ஆனால் சொந்தக் குடும்பத்தார் சேர்ந்து செய்கிற வேலைக்கு விலக்குக் கொடுத்தது. காஞ்சிபுரத்தில் தறி இருப்பதே வீட்டுக் கூடத்தில். அப்புறம் யார் வந்து கேட்பது? 2003-ல் மனித உரிமைக் கண்காணிப்பகம் என்ற அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் காஞ்சிபுரத்துத் தறிகளும் இடம்பெற்றன. பிறகு மாற்றம் வந்தது. கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. 2016-ல் பழைய சட்டம் கடுமையாக்கப்பட்டது. பள்ளி நேரம் போகக் குடும்பத்துக்கு உதவலாம், அவ்வளவுதான்.

சட்டம் மட்டுமல்ல, தாய்மார்களும் முடிவு செய்துவிட்டார்கள். இந்த வீட்டு அம்மாளைக் கேட்டேன்.

"என் பிள்ளை பிறந்தப்பவே சொல்லிட்டேன், இவன் அந்த இடத்திலே உட்காரமாட்டான்னு. அவனுக்குப் பதிலா நான் உட்கார்ந்தேன். இன்னிக்கு வரைக்கும் நான்தான்."

மகன் படித்தான். இன்று ஒரகடம் பக்கத்தில் ஒரு மோட்டார் தொழிற்சாலையில் வேலை. காலையில் கம்பெனி பஸ் வந்து தெருமுனையில் ஏற்றிக்கொண்டு போகிறது. நெசவாளர் தெருக்களில் இப்போது பல வீடுகளில் இதே கதை.

இதில் வருத்தப்பட ஏதும் இல்லை என்று நான் நினைக்கிறேன். ஒன்பது வயதுப் பிள்ளையின் முதுகை வளைத்துத்தான் ஒரு சேலை அழகாக வேண்டுமென்றால் அந்த அழகு வேண்டாம். ஆனால் பெரியவரின் கஷ்டமும் பொய்யில்லை.

"கோர்வைச் சேலைக்குக் கூலி கூடத்தான் தம்பி. ஆனா அது ரெண்டு ஆள் கூலி. வெளியாளை வெச்சா அவங்களுக்குக் கொடுத்தது போக எனக்கு என்ன மிஞ்சும்? இவளுக்கு முட்டி வலி. இவ படுத்துட்டா தறியும் படுத்துடும். போன மாசம் எட்டு நாள் அப்படிக் கிடந்தது."

அதனால் பலர் கோர்வையை விட்டுவிட்டார்கள். ஒரே நாடாவை ஓட்டி ஒற்றை ஆளாக நெய்கிறார்கள். சீக்கிரம் முடிகிறது. பார்க்கவும் பளபளவென்று இருக்கிறது. அதைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நாமும் விலையைத்தானே பார்க்கிறோம்!

கல்யாணப் பட்டு எடுக்கப் போகிறவர்களுக்குப் பெரியவர் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். சேலையைத் திருப்பிப் பிடித்து, உடலும் கரையும் சேருகிற இடத்தைப் பாருங்கள். உடலின் நிறம் அங்கேயே சட்டென்று நின்று, கரையின் நிறம் சுத்தமாக ஆரம்பித்தால் அது கோர்வை. சிவப்பு இழை பச்சைக்குள் ஓடித் தெரிந்தால் அது ஒற்றை நாடா. கோர்வை இல்லாத சேலையைக் கோர்வை என்று சொல்லி அதே விலை கேட்டால், வாங்காமல் வந்துவிடுங்கள். கோர்வைதான் என்றால் விலை ஏன் கூடுதல் என்று கடைக்காரரிடம் பேரம் பேசும்போது, அதை இரண்டு பேர் நெய்தார்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் நாலரை மணி. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பேத்தி பள்ளியிலிருந்து வந்தாள். நாலாம் வகுப்பு. அதே ஒன்பது வயது! பையை வீசிவிட்டு நேராக ஜமுக்காளத்தில் வந்து உட்கார்ந்தாள். கணக்கு நோட்டை விரித்தாள். நான் அவளுக்கு இடம் விட்டு ஓரமாக நகர்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "தாத்தா, ஒரே ஒரு தடவை நான் நாடா போடட்டுமா?" என்று கேட்டாள்.

பாட்டி வேண்டாம் என்றார். தாத்தா, "ஒண்ணே ஒண்ணு" என்றார். அவள் ஓடிப்போய் பாட்டியின் மடியில் ஏறி உட்கார்ந்து, நாடாவை வாங்கிப் போட்டாள். பெரியவர் குனிந்து பார்த்தார். இழை தளர்ந்திருந்தது.

"போதும், போய்ப் படி" என்றார்.

அவள் நோட்டிடம் திரும்பிப் போன பிறகு, அந்த ஒரு இழையை மெதுவாகப் பிரித்து எடுத்தார். மனைவி நாடாவைத் திருப்பிப் போட்டார். ‘டக்’ என்று பலகை விழுந்தது.